ராகு காலம் கழித்துக் கொடுத்த நியமனப் பத்திரமும் அதில் செல்லாமற்போன நான்கு கையெழுத்துகளும்

அனுப்புநர்:
திருமதி நகுலேஸ்வரி யோகராஜா,
இலக்கம் 29, ஏழாம் மாடி,
லார்க்ஸ்பர் கோர்ட்,
வாண்டில்மீட் பரோ, இலண்டன்.

பெறுநர்:
தெரிவத்தாட்சி அலுவலர் அவர்கள்,
மேயர் தேர்தல் 2026,
வாண்டில்மீட் பரோ கவுன்சில்,
நகர மன்றக் கட்டடம், இலண்டன்.

பொருள்: சுயேச்சை மேயர் வேட்பாளராகிய எனது நியமனப் பத்திரம் (வேட்புமனு) 09.04.2026 அன்று ஏற்றுக்கொள்ளப்படாமை. அது பற்றித் தங்கள் அலுவலகம் எழுதிய கடிதத்தில் உள்ள பிழைகள். எனக்காகக் கையெழுத்திட்ட நால்வருக்கு அனுப்பப்பட்ட கடிதங்கள். லார்க்ஸ்பர் கோர்ட்டின் லிப்ட்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவைத் தமிழில் எழுதுவதற்கு முதலில் காரணம் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆங்கிலம் தெரியும். கடந்த பதினான்கு மாதங்களில் தங்கள் கவுன்சிலுக்கு ஆங்கிலத்தில் நாற்பத்தொரு கடிதங்கள் எழுதியுள்ளேன். எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டன. தாங்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் பின்பக்கத்திலும், உங்கள் மொழியில் எங்களைத் தொடர்புகொள்ளலாம் என்று ஒன்பது மொழிகளில் அச்சிட்டிருக்கிறீர்கள். அதில் ஆறாவது தமிழ். ஆகவே நாற்பத்திரண்டாவது கடிதத்தைத் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்க்கிறவராவது இதை முழுதாக வாசிப்பார் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

2. நான் அறுபத்துமூன்று வயதுடையவள். எங்கள் நாட்டில் கச்சேரி எனப்படும் மாவட்ட அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஆறு வருடம் எழுதுவினைஞராகவும், இந்த நகரத்தில் பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் இருபத்தொரு வருடமும் வேலை செய்து ஓய்வுபெற்றேன். மனு எழுதுவதும் மனு வாங்குவதும் எனக்குப் புதிதல்ல. மேசைக்கு இந்தப்பக்கமும் இருந்திருக்கிறேன், அந்தப்பக்கமும் இருந்திருக்கிறேன்.

3. நானும் என் கணவர் யோகராஜாவும் பத்து மாடிகள் கொண்ட லார்க்ஸ்பர் கோர்ட்டின் ஏழாம் மாடியில் வசிக்கிறோம். அங்குள்ள ஒரே லிப்ட் 11.02.2025 அன்று நின்றது. இம்மனு எழுதப்படும் இன்றுடன் 434 நாட்கள். என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் இரத்தச் சுத்திகரிப்புக்காக ஆஸ்பத்திரி வாகனம் காலை ஆறே முக்காலுக்குக் கீழ்வாசலுக்கு வருகிறது. அதில் ஏற அவர் நூற்றுப் பன்னிரண்டு படிகள் இறங்க வேண்டும். திரும்பி வந்ததும் அதே நூற்றுப் பன்னிரண்டையும் ஏற வேண்டும். சுத்திகரிப்பு முடிந்த உடம்பில் எவ்வளவு தெம்பு இருக்கும் என்பதைத் தாங்கள் ஒரு வைத்தியரிடம் கேட்டு அறியலாம். எங்களுக்கு ஏறி முடிக்க நாற்பது நிமிடம் ஆகிறது.

4. கடந்த நவம்பர் மாதம் நாலாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை வைத்தேன். அவர் இருந்து மூச்சு வாங்குவதற்கு. தங்கள் கவுன்சில் இரண்டே நாட்களில் அந்தக் கதிரையை அகற்றிவிட்டது. தீ விபத்து நேரும்போது இடைஞ்சலாக இருக்குமாம். எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. லிப்டுக்குப் பதினான்கு மாதம், கதிரைக்கு இரண்டு நாள். தங்கள் கவுன்சிலால் வேகமாக வேலை செய்ய முடியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்த வேகத்தை யாராவது சரியான பக்கம் திருப்ப வேண்டும் என்றும் தோன்றியது.

5. அந்த வாரமே கீழ் விறாந்தையில், வேலை செய்யாத லிப்டின் கதவுக்குப் பக்கத்தில், தங்கள் அறிவித்தல் ஒன்று ஒட்டப்பட்டது. வரும் மே மாதம் பரோ எனப்படும் இந்த நகரப் பிரிவுக்கு மேயர் தேர்தல் நடக்கும் என்றும், பதினெட்டு வயது நிரம்பிய, தகுதியுள்ள எவரும் போட்டியிடலாம் என்றும் அதில் இருந்தது. எவரும் என்ற அந்த ஒரு சொல்லை நான் நம்பினேன். இந்தப் பரோவில் கவுன்சிலுக்குச் சொந்தமான உயர்மாடிக் கட்டடங்கள் இருபத்துமூன்று. அவற்றுள் ஒன்பதில் லிப்ட் இல்லை, அல்லது இருந்தும் இல்லை. ஒன்பதுக்கும் நானே நேரில் போய்ப் படியேறிப் பார்த்தேன். எந்தக் கட்சியும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனவே எந்தக் கட்சியும் இல்லாமல், சுயேச்சையாகப் போட்டியிடத் தீர்மானித்தேன். வேறு ஆசை எதுவும் எனக்கு இல்லை. மேயரின் கழுத்துச் சங்கிலி எனக்கு வேண்டாம்; என் தாலிக்கொடியே எனக்குப் போதும்.

6. மேயர் வேட்பாளருக்கு இந்தப் பரோவின் வாக்காளர் முப்பது பேர் கையெழுத்திட வேண்டும். ஒருவர் ஒரு வேட்பாளருக்கு மட்டுமே கையெழுத்திடலாம். இரண்டு பேருக்கு வைத்தால், முதலில் கையளிக்கப்பட்ட பத்திரத்தில் உள்ளதே செல்லும். இவ்விதியை நான் வாசித்தேன், விளங்கிக்கொண்டேன். ஆனால் இவ்விதியை எழுதியவர்கள் எங்கள் ஆட்களை அறியாதவர்கள்.

ஐயா, எங்களுக்குள் முகத்தாட்சண்யம் என்று ஒன்று உண்டு. வீடு தேடி வந்தவரை, தெரிந்த முகத்தை, இல்லை என்று திருப்பி அனுப்ப எங்களால் ஏலாது. நான் மார்ச் 30 முதல் ஏப்ரல் 7 வரை ஒவ்வொரு வீடாகப் போனேன். தேத்தண்ணி தந்தார்கள், வடை தந்தார்கள், கையெழுத்தும் தந்தார்கள். "அக்கா கேட்டு இல்லையெண்டு சொல்லுறதே?" என்றார்கள். எதற்கு என்று கேட்டவர்கள் இரண்டு பேர் மட்டுமே. எனக்கும் அந்த முகத்தாட்சண்யத்தால்தான் முப்பது கையெழுத்தும் கிடைத்தன என்பதை இங்கே மறைக்கப்போவதில்லை. நான் செய்த பிழை, அவர்கள் எனக்கு முன்னர் வேறு யாருக்கும் இல்லையென்று சொல்லியிருப்பார்களா என்று ஒரு கணமும் யோசிக்காமல் விட்டதுதான்.

7. இனி 28.03.2026 சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கட்டடத்தைச் சேர்ந்த துஷ்யா என்ற பிள்ளையின் கல்யாண வரவேற்பு ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்கள் வழக்கப்படி வாசலில் ஒரு மேசை போட்டு, பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமம், கற்கண்டு வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் பன்னீர் தெளிக்கப்பட்டு, சந்தனம் எடுத்துப் பொட்டு வைத்து, கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். அந்த மேசையில் கற்கண்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளிப் போர்ட் இருந்தது. அதில் இருந்தது ஒரு பெரிய கட்சியின் மேயர் வேட்பாளருக்கான நியமனப் பத்திரம். மேசைக்குப் பின்னால் நின்றவர் அக்கட்சியின் கவுன்சிலர் கோபாலகிருஷ்ணன்.

கோபாலகிருஷ்ணன் கெட்ட மனிதர் அல்லர். அதுதான் பெரிய சிக்கல். எங்கள் பகுதியில் பாதிப் பேருக்கு பெனிபிட் எனும் அரசாங்க உதவிப்பணப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர், பள்ளிக்கூட இடம் எடுத்துக் கொடுத்தவர். அவர் பன்னீர்ச் செம்பை ஒரு கையிலும் பேனையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, "அண்ணை, இதிலையும் ஒரு கையெழுத்து வைச்சிட்டுப் போங்கோ" என்றால் வைக்காமல் போகக்கூடியவர் அந்த மண்டபத்தில் எவரும் இல்லை. மணமக்களை வாழ்த்தும் புத்தகம் என்று நினைத்து வைத்தவர்களும் உண்டு. பத்தாவது வரியில் கையெழுத்திட்ட கமலாம்பிகை அம்மா தன் பெயருக்குக் கீழே "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்று எழுதியிருக்கிறார். தங்கள் அலுவலகம் அப்பத்திரத்தை ஏப்ரல் 1ஆம் திகதி எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. கட்சி வேட்பாளர் ஒருவர் பதினாறு பெற வேண்டும் என்று ஒரு வாக்காளர் ஏன் எழுதினார் என யாரும் வியப்படையவில்லை போலும்.

நான் அந்நேரம் சமையல் பக்கம் நின்றேன். வாசலுக்கு வரவேயில்லை. வந்திருந்தால் இம்மனுவுக்கே தேவை வந்திராது.

8. பத்திரம் கையளிக்க இறுதி நேரம் 09.04.2026 வியாழன் பிற்பகல் 4.00 மணி. தங்கள் அலுவலகத்தில் முன்கூட்டியே நேரம் பதிய வேண்டும். எனக்குத் தரப்பட்ட நேரம் அன்று காலை 11.30. முதல்நாள் மாலை 5.10க்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆட்பற்றாக்குறை காரணமாக என் நேரம் பிற்பகல் 1.45க்கு மாற்றப்பட்டுள்ளதாம். என்னைக் கேட்கவில்லை. அறிவித்தார்கள்.

வியாழக்கிழமை பிற்பகல் 1.30 முதல் 3.00 வரை ராகு காலம். ராகு காலம் என்றால் என்ன என்று மொழிபெயர்ப்பாளர் தங்களுக்கு விளக்குவார். அவருக்குத் தெரியாவிட்டால் அவருடைய அம்மாவைக் கேட்கட்டும். நல்ல காரியம் எதையும் அந்நேரத்தில் தொடங்குவதில்லை. நான் படித்தவள்தான். ஆனால் பதினான்கு மாதம் படியேறிய ஒருத்தி இனியும் ஒரு கெட்ட காலத்தைக் கூப்பிட்டு வீட்டுக்குள் விடமாட்டாள். எனவே 3.05க்கு வருவதாகப் பதில் எழுதினேன். "சரி, நான்கு மணிக்குள் வந்தால் போதும்" என்று தங்கள் அலுவலகம் பதிலளித்தது. அந்த மின்னஞ்சலின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்.

9. சொன்னபடி 3.05க்கு நகர மன்றக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், தங்கள் அலுவலகத்தில் இருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். 3.24க்கு என் பத்திரத்தை எடுத்தார்கள். துணை அலுவலர் ஓர் இளைஞர், மரியாதையானவர். கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கணினியைப் பார்த்தார். நான்கு பேர் ஏற்கெனவே வேறொரு வேட்பாளருக்குக் கையெழுத்திட்டிருக்கிறார்கள், ஆகவே இந்த நான்கும் செல்லாது என்றார். பெயர்களை வாசித்தார். முதலாவது, கமலாம்பிகை அம்மா. இரண்டாவது, தபாற்காரராக இருந்து ஓய்வுபெற்ற சதாசிவம். மூன்றாவது, முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்யும் ஜெஸ்ரின். நான்காவது பெயரை அவர் வாசித்ததும் நான் திருப்பி வாசிக்கச் சொன்னேன். திருப்பி வாசித்தார். அந்தப் பெயர் என் பத்திரத்தின் முதல் வரியில், என்னை முன்மொழிந்தவருடைய இடத்தில் இருந்தது. அதைப் பற்றி இம்மனுவின் கடைசியில் சொல்கிறேன். இந்த இடத்தில் சொன்னால் எழுத்துக் கோணும்.

10. புதிய படிவம் தந்தார்கள். என்னிடம் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. வாக்காளர் பெயர்ப் பட்டியலான இடாப்பை, சாமான் வாங்கும் என் தள்ளுவண்டியில் வைத்திருந்தேன். அதையும் இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினேன். தமிழர் எவரிடமும் போகவில்லை என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கிறேன். யார் யார் எத்தனை பத்திரத்தில் வைத்திருக்கிறார்களோ என்ற பயம் பிடித்துவிட்டது.

முதலில் கேட்ட இரண்டு பேரும் என் முகத்துக்கு நேரே இல்லை என்றார்கள். ஒருவர் அரசியல் தனக்குப் பிடிக்காது என்றார், மற்றவர் வெறும் இல்லை மட்டும் சொன்னார். எனக்குச் சுருக்கென்று வந்தது கோபம். ஆனால் அடுத்த நிமிடமே, ஐயா, அந்த இல்லை எவ்வளவு பெரிய உதவி என்று விளங்கியது. அந்த இருவரும் எனக்கு ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை. எனக்குக் கையெழுத்துத் தந்த நால்வரும் ஒன்பது நாளை வீணாக்கினார்கள்.

பிறகு மருந்துக்கடைப் பெண், ஷிப்ட் முடிந்து வந்த பஸ் சாரதி, மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் ஆகிய மூவரும் கையெழுத்திட்டார்கள். மீன்காரர் கையைத் துடைக்காமல் வைத்ததால் படிவத்தின் ஓரத்தில் ஒரு செதில் ஒட்டியிருக்கிறது. அதைக் கழற்ற எனக்கு நேரம் இருக்கவில்லை. முதல் வரிக்கு, லோண்டரியில் உடுப்புக் காயும்வரை காத்திருந்த ஒரு பெண்மணி வைத்தார். அவர் மட்டும் எதற்கு என்று கேட்டார். லிப்ட் என்றேன். தான் எட்டாம் மாடி என்றார். முன்பின் அறியாத அவர் என்னை மேயர் பதவிக்கு முன்மொழிந்தார். இவர்கள் நால்வரின் வாக்காளர் எண்களையும் வீதியில் குந்தியிருந்து தேடி எழுதினேன்.

11. நகர மன்றக் கட்டடத்தின் வாசலுக்குத் திரும்பி வந்தபோது நேரம் 3.56. இதை நான் சொல்லவில்லை. தங்கள் வாசலில் இருக்கும் வருகைப் புத்தகம் சொல்கிறது. பாதுகாப்பு உத்தியோகத்தர் என் பெயரையும் நேரத்தையும் எழுதாமல் உள்ளே விட முடியாது என்றார். அவருக்கு இட்ட கட்டளை அது. என் ஒரு கையில் பத்திரமும் மறு கையில் தள்ளுவண்டியும் இருந்ததால் அவரே எழுதினார். நான் கையெழுத்து மட்டும் இட்டேன். பின்னர் அடையாள அட்டை அச்சிடும் இயந்திரத்தில் தாள் சிக்கிக்கொண்டது. அவர் அதைத் திறந்து, இழுத்து, மூடி, மறுபடியும் அச்சிட்டார். தங்கள் கட்டடத்தின் லிப்ட் நன்றாக வேலை செய்தது என்பதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன். கண்ணாடி பதித்த லிப்ட். ஒவ்வொரு மாடிக்கும் குரல் கொடுக்கிறது. நான் மூன்றாம் மாடிக் கதவைத் தள்ளியபோது அங்கிருந்த கடிகாரத்தில் 4.03. துணை அலுவலர் எழுந்து நின்று, மிகவும் வருந்துவதாகச் சொன்னார். வருத்தத்தை ஏற்றுக்கொண்டேன். பத்திரத்தை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே.

12. இப்போது 14.04.2026 திகதியிட்டுத் தாங்கள் எனக்கு அனுப்பிய கடிதத்துக்கு வருகிறேன். அன்று எங்களுக்குச் சித்திரை வருடப்பிறப்பு. நல்ல நாளாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அக்கடிதத்தில் இரண்டு விடயங்களை நான் வன்மையாக மறுக்கிறேன்.

முதலாவது: வேட்பாளர் 4.03க்கே கட்டடத்துக்கு வந்தார் என்கிறீர்கள். இது பொய். தாங்கள் வெளியிட்ட தேர்தல் அறிவித்தலை எடுத்துப் பார்க்கவும். பத்திரங்கள் கையளிக்கப்பட வேண்டிய இடம் நகர மன்றக் கட்டடம் என்று மட்டுமே அதில் இருக்கிறது. மூன்றாம் மாடி என்றோ இன்ன அறை என்றோ ஓர் எழுத்தும் இல்லை. அக்கட்டடத்தில் தங்கள் உத்தியோகத்தர் ஒருவருக்கு முன்னால், தங்கள் புத்தகத்தில், 3.56க்கு நான் கையெழுத்திட்டேன். பத்திரம் அப்போது என் கையில் இருந்தது. என் ஆட்களின் கையெழுத்து இரண்டு இடத்தில் இருந்ததால் செல்லாது என்றீர்கள். ஒரேயொரு இடத்தில் இருக்கும் என் கையெழுத்து ஏன் செல்லாது?

இரண்டாவது: வேட்பாளர் 1.45 மணி நேரத்தைத் தமது சொந்தக் காரணங்களுக்காக நிராகரித்தார் என்கிறீர்கள். ராகு காலம் என் சொந்தக் காரணம் அல்ல. அது எல்லோருக்கும் பொதுவானது, தாங்கள் உட்பட. 11.30க்கு நேரம் தந்துவிட்டு அதை மாற்றியதுதான் தங்கள் அலுவலகத்தின் சொந்தக் காரணம்.

13. ஆனாலும் நீதி என்றால் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். என் கணக்கிலும் ஒரு பிழை உண்டு. அதைக் கடந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் குருக்கள் எடுத்துச் சொன்னார். நான் பார்த்தது பலசரக்குக் கடையில் இலவசமாகக் கிடைத்த நாட்காட்டி. அதிலுள்ள ராகு காலம் ஊர்ச் சூரியனுக்கு உரியது. சூரிய உதயத்தை வைத்தே ராகு காலத்தைக் கணிக்க வேண்டும். அப்படிக் கணித்தால் ஏப்ரல் 9ஆம் திகதி இலண்டனில் ராகு காலம் பிற்பகல் 2.41க்குத் தொடங்கி 4.22க்கு முடிகிறது. அதாவது, தாங்கள் தந்த 1.45 நல்ல நேரம். நான் காத்திருந்து, முகம் கழுவி, திருநீறு பூசிப் புறப்பட்டு வந்த 3.05தான் நட்டநடு ராகு காலம். முப்பத்துநான்கு வருடம் இந்த ஊரில் இருந்தும் இந்த ஊர்ச் சூரியனைப் பார்க்காமல் இருந்துவிட்டேன். இதற்குத் தங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ராகுவும் தங்கள் அலுவலகத்தோடு சேர்ந்துகொண்டது எனக்குத் தாங்கமுடியாத கோபத்தைத் தருகிறது.

14. இம்மனுவின் மிக முக்கியமான முறைப்பாடு இனித்தான் வருகிறது. கடந்த 16ஆம் திகதி அந்த நால்வருக்கும் தங்கள் அலுவலகம் தனித்தனியாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. உங்கள் கையெழுத்து இரண்டு நியமனப் பத்திரங்களில் காணப்பட்டுள்ளது, இது பற்றி விசாரிக்கப்படலாம், எழுத்தில் விளக்கம் தரவும் என்று அதில் உள்ளது.

ஐயா, இக்கடிதத்தை எழுதியவர் நல்ல வீட்டில், பயமில்லாமல் வளர்ந்தவராக இருக்க வேண்டும். அவருக்காக நான் சந்தோஷப்படுகிறேன். கமலாம்பிகை அம்மாவுக்கு வயது எழுபத்தொன்பது. அவர் இரண்டு நாடுகளில் கையெழுத்துக்காக விசாரிக்கப்பட்டவர். இந்தக் கடிதம் வந்த அன்று ஒரு சின்ன பையில் மருந்து, ஒரு சேலை, கண்ணாடி, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக் கதவடியில் வைத்திருக்கிறார். இன்றும் அங்கேதான் இருக்கிறது. எடுத்து வைக்கச் சொன்னால், "இல்லைப் பிள்ளை, அவையள் வரேக்கை தேடிக்கொண்டு நிக்க ஏலாது" என்கிறார். சதாசிவம் முப்பது வருடம் இந்தப் பரோவின் ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதம் கொண்டுபோனவர். இப்போது தனக்கு வந்த கடிதத்தைப் பிரிக்கப் பயந்து என்னிடம் கொண்டுவந்தார். ஜெஸ்ரின் வேலைக்குப் போகிறா. ஆனால் வேலையிடத்துக்கு இது தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று ஒவ்வொரு நாளும் என்னிடம் கேட்கிறா. இவர்கள் செய்த குற்றம், தெரிந்தவர் கேட்டபோது இல்லை என்று சொல்லாதது. அதற்கு எந்தச் சட்டத்தில் தண்டனை இருக்கிறது என்று தயவுசெய்து எனக்குக் காட்டவும்.

15. இனி நான்காவது பெயர். நியமனப் பத்திரத்தின் முதல் வரியில் என்னை முன்மொழிந்தவரும், அதற்கு முன்னரே அந்தக் கல்யாண மண்டபத்தில் மற்றப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தவரும் என் கணவர் யோகராஜா.

அவருக்கு வந்த கடிதத்துக்கான விளக்கத்தை அவர் சார்பில் நானே தருகிறேன். அவர் அதை வாழ்த்துப் புத்தகம் என்று நினைத்து வைக்கவில்லை. தெரிந்துதான் வைத்தார். ஏன் என்று கேட்டேன். அடுத்த திங்கட்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்து, ஐந்தாம் மாடிப் படியில் இருந்துகொண்டு சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "கோபாலகிருஷ்ணன் லிப்டைத் திருத்தித் தாறன் எண்டவர். நீ வெண்டாலும் லிப்ட் வரும், தோத்தாலும் லிப்ட் வரட்டும் எண்டு நினைச்சன். நீ என்னைப் பிடிச்சுக் கொண்டு ஏறுறதைப் பாக்க எனக்கு ஏலாமல் கிடக்கு."

ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்று அவரை ஏசினேன். நன்றாகவே ஏசினேன். பிறகு இருவருமாக மிச்சம் முப்பத்திரண்டு படியையும் ஏறினோம். ஆகவே இந்த விடயம் வீட்டில் விசாரிக்கப்பட்டு, தீர்ப்பும் வழங்கப்பட்டுவிட்டது. தங்கள் அலுவலகம் மறுபடியும் விசாரிக்கத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். நாற்பத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்த ஒரு மனிதர், எனக்குத் தெரியாமல் ஒரு காரியமும் செய்யாதவர், ஒரு லிப்டுக்காக எனக்கெதிராகக் கையெழுத்து வைக்கும் நிலைக்குத் தங்கள் கவுன்சில் அவரைக் கொண்டுவந்து விட்டது. இதை நான் மன்னிக்கப்போவதில்லை. அவரை மன்னித்துவிட்டேன். தங்களை இல்லை.

16. வாக்குச்சீட்டுகள் அச்சாகிவிட்டன என்பதையும், அவற்றில் என் பெயரைச் சேர்க்க இனி முடியாது என்பதையும் அறிவேன். நீதிமன்றம் போக எனக்குத் தெம்பு இல்லை, படியேறவே அது சரியாகப் போகிறது. ஆகையால் முடியக்கூடியவற்றை மட்டும் கேட்கிறேன்:

அ) நான் நகர மன்றக் கட்டடத்துக்கு வந்த நேரம் பிற்பகல் 3.56 என்று திருத்தி எனக்கு ஒரு கடிதம் தரவும். "சொந்தக் காரணங்கள்" என்ற சொற்களை நீக்கவும். எனக்குப் பதவி வேண்டாம், நேரம் சரியாக எழுதப்பட வேண்டும்.

ஆ) நால்வருக்கும் அனுப்பிய கடிதங்களை மீளப் பெறவும். விசாரணை எதுவும் இல்லை என்று அவர்களுக்கு எழுதவும். கமலாம்பிகை அம்மாவுக்கான கடிதம் தமிழில் இருக்கட்டும். அவர் அதை வாசித்து அந்தப் பையைத் திருப்பி அலுமாரியில் வைக்கும்வரை நான் தங்களை விடமாட்டேன்.

இ) சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நியமனப் பத்திரம் வைக்கலாமா என்பதை விசாரிக்கவும். கோபாலகிருஷ்ணனைத் தண்டிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவர் தந்த வாக்கை அவரே ஞாபகப்படுத்திக்கொள்ளும்படி மட்டும் செய்யவும்.

ஈ) அடுத்த தேர்தலில் தங்கள் அறிவித்தலில், ஒருவர் ஒரு பத்திரத்தில்தான் கையெழுத்திடலாம் என்பதைத் தமிழில் போடவும். அதற்குக் கீழே, கேட்பவர் யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு அல்ல என்ற வரியையும் சேர்க்கவும். எங்கள் ஆட்கள் நம்ப மாட்டார்கள். ஆனாலும் அரசாங்கம் சொன்னால் ஒரு பத்துப் பேராவது முயற்சி செய்து பார்ப்பார்கள்.

உ) லிப்ட். வாக்களிப்பு நடக்கும் மே 7ஆம் திகதி வியாழக்கிழமை, டயாலிசிஸ் இல்லாத நாள். அன்று என் கணவர் வாக்களிக்கக் கீழே போகப் போவதாகச் சொல்கிறார். தபால் வாக்குப் போடுங்கோ என்றேன், மறுத்துவிட்டார். என் பெயர் இல்லாத சீட்டில் என்ன செய்யப் போகிறீர்கள் என்றும் கேட்டேன். "இந்த முறை ஒரு கட்சிக்கும் போடாமல், உன்ரை பேரைக் கீழை எழுதிப் போட்டிட்டு வாறன்" என்கிறார். அப்படிப்பட்ட வாக்குச் செல்லாது என்று விளக்கினேன். தன்னுடைய கையெழுத்தும் செல்லாமல்தானே போனது, இதுவும் போகட்டும் என்கிறார். அவரைத் தடுக்க என்னால் ஏலாது. செல்லாத ஒரு வாக்குக்காக அவர் நூற்றுப் பன்னிரண்டு படி இறங்கி, நூற்றுப் பன்னிரண்டு படி ஏறாமல் இருக்க, அதற்கு முன்னர் அந்த லிப்டை ஓடச் செய்யுங்கள். தங்களிடம் பதினாறு நாட்கள் இருக்கின்றன. ஒரு கதிரையை அகற்றத் தங்களுக்கு இரண்டு நாள்தான் தேவைப்பட்டது.

இதற்குப் பதில் வரும்வரை நான் மௌனமாக இருப்பேன் என்று நினைக்க வேண்டாம். நாற்பத்து மூன்றாவது கடிதத்துக்குத் தாள் வாங்கி வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
நகுலேஸ்வரி யோகராஜா
மேயர் பதவிக்குச் சுயேச்சையாகப் போட்டியிட வந்தவர்

இடம்: லார்க்ஸ்பர் கோர்ட், இலண்டன்
திகதி: 21.04.2026
நேரம்: முற்பகல் 10.20 (இலண்டன் சூரியனுக்குக் கணித்துப் பார்க்கப்பட்டது)

இணைப்புகள்: 08.04.2026 மின்னஞ்சல்களின் பிரதிகள். தேர்தல் அறிவித்தலின் பிரதி. ஏற்றுக்கொள்ளப்படாத நியமனப் பத்திரம், மீன் செதிலுடன்.

குறிப்பு: இம்மனுவில் என்னைத் தவிர வேறு எவரும் கையெழுத்திடவில்லை. என் கணவர் தானும் வைப்பதாகப் பேனையை எடுத்தார், வாங்கி வைத்துவிட்டேன். மற்றவர்களிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லோரும் வைத்திருப்பார்கள்.